நீர்மூழ்கிக்குள் ஒரு 2 மீட்டர் மனிதர்: சுமத்ரா, ஜாவா கடலில் அவர் கண்டது என்ன?

உங்கள் உயரம் 2 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரட்டை மாடிப் பேருந்தின் மேல்தளத்தில் உங்களால் நிமிர்ந்து நிற்க முடியாது. இப்போது அந்தப் பேருந்தைவிட நெரிசலான ஓர் இரும்புக் குழாய்க்குள் மாதக்கணக்கில் இருக்க வேண்டும் என்றால்? குளிரூட்டி கிடையாது. டீசல் வாசமும் வியர்வை வாசமும்தான். படுக்கையில் காலை நீட்ட இடமில்லை.

ஹாலந்துக்காரர் ஃபீலிக்ஸ் அந்திரீஸ் வெனிங் மெய்னெஸ் அப்படித்தான் வாழ்ந்தார். 1923லிருந்து பல ஆண்டுகள், மீண்டும் மீண்டும். அவர் மாலுமி அல்ல. கடற்படை அதிகாரியும் அல்ல. கடலுக்கு அடியில் போய் ஈர்ப்புவிசையை அளந்த பேராசிரியர்.

ஈர்ப்புவிசை எல்லா இடத்திலும் ஒன்றுதானே, பள்ளியில் 9.8 என்று படித்தோமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தொடர்புத்துறைப் பட்டத்தோடு செய்தியறைக்கு வந்தவளுக்கு, அந்த 9.8க்குப் பின்னால் வரும் எண்களில்தான் கதையே இருக்கிறது என்பது இதை எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

உங்கள் காலுக்கு அடியில் கனமான பாறை கூடுதலாக இருந்தால் ஈர்ப்பு கொஞ்சம் கூடும். குறைவாக இருந்தால் கொஞ்சம் குறையும். எவ்வளவு கொஞ்சம்? 60 கிலோ எடையுள்ள ஒருவர், சுமத்ராவுக்கு மேற்கே மெய்னெஸ் கண்ட ஓர் இடத்தில் மிகத் துல்லியமான சுருள்வில் தராசில் நின்றால், இருக்க வேண்டியதைவிட 6 கிராம் குறைவாகக் காட்டும். ஒரு தேக்கரண்டி உப்பின் எடை. அந்தத் தேக்கரண்டி உப்பைத் தேடித்தான் அவர் பாதி உலகத்தைச் சுற்றினார்.

மேயர் வீட்டுப் பிள்ளை

மெய்னெஸ் 1887 ஜூலை 30ஆம் தேதி, தி ஹேக் நகரில் பிறந்தார். வசதியான குடும்பம். அப்பா முதலில் ரோட்டர்டாமுக்கு மேயர், பிறகு ஆம்ஸ்டர்டாமுக்கு மேயர். மகன் டெல்ஃப்ட் நகரில் கட்டடப் பொறியியல் படித்து 1910ல் பட்டம் பெற்றார். பாலம் கட்டவோ அணை கட்டவோ போகவில்லை. நாட்டின் நில அளவை ஆணையத்தில் சேர்ந்து, ஹாலந்து முழுவதும் ஈர்ப்புவிசையை அளக்கும் வேலையை எடுத்துக்கொண்டார்.

அந்தக் காலத்தில் அதற்கு இருந்த கருவி ஊசல். பழைய சுவர்க் கடிகாரத்தில் ஆடுமே, அதேதான். ஈர்ப்பு அதிகமானால் ஊசல் வேகமாக ஆடும், குறைந்தால் மெதுவாக ஆடும். அந்த 6 கிராம் வித்தியாசம் இருக்கும் இடத்தில் ஓர் ஊசல் கடிகாரம் ஒரு நாளைக்கு 4 நொடி பின்தங்கும். அதுகூடப் பரவாயில்லை. மெய்னெஸ் பிடிக்க நினைத்த அளவு அதில் நூறில் சில பங்கு. அதாவது ஒரு நாள் முழுக்க ஓடினாலும் நொடியின் சிறு பகுதிதான் தப்பும்.

இங்கேதான் ஹாலந்து காலை வாரியது. அந்த நாட்டின் மண் ஈரமான, மெத்தென்ற மண். அப்படிப்பட்ட தரையில் ஊசலை நிறுத்தினால் தரையும் சேர்ந்து லேசாக அசைகிறது. கணக்கு கெட்டுவிடுகிறது.

மெய்னெஸ் கண்டுபிடித்த வழி எளிமையானது. ஒரே சட்டத்தில், ஒரே மாதிரியான 2 ஊசல்களை எதிரெதிராக ஆடவிடுங்கள். ஒன்று இடப்பக்கம் போகும்போது மற்றது வலப்பக்கம் போகும். தரை அசைந்தால் இரண்டையும் ஒரே பக்கம்தான் தள்ளும். ஆகவே ஒன்றின் அசைவிலிருந்து மற்றதின் அசைவைக் கழித்துவிட்டால், தரையின் ஆட்டம் காணாமல் போய்விடும். ஊசலின் உண்மையான ஆட்டம் மட்டும் மிஞ்சும்.

எங்கள் ஸ்டூடியோவில் மைக் கேபிள் வேலை செய்வதும் இதே தத்துவத்தில்தான். உள்ளே 2 கம்பிகள். ஒன்றில் குரல் நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் போகும். வழியில் சேரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஒட்டிக்கொள்ளும். கடைசியில் கழித்தால் இரைச்சல் போய்விடும். தினமும் கையில் பிடிக்கிற கேபிளுக்கும் 100 ஆண்டு பழைய ஊசலுக்கும் ஒரே மூளை. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது.

ஊசல் கருவிகளின் குறைகள் பற்றித்தான் 1915ல் அவர் முனைவர் பட்ட ஆய்வு செய்தார். நாடு முழுக்க 50க்கும் மேற்பட்ட இடங்களில் அளந்து முடித்தார். அதன் பிறகு அவர் பார்வை கடல் பக்கம் திரும்பியது. பூமியின் மேற்பரப்பில் 70 விழுக்காடு கடல் அல்லவா? அங்கே ஈர்ப்புவிசையை உருப்படியாக அளந்தவர் யாரும் இல்லை.

மேலே அலை, கீழே அமைதி

கப்பலில் ஊசலை வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். தரை அசைவதைக் கழிக்கலாம். ஆனால் கப்பல் புரட்டிப்போடும்போது ஊசல் ஊசலாகவே இருக்காது.

நீர்மூழ்கியில் போய்ப் பாருங்கள், அது ஆடாது என்று யோசனை சொன்னவர் அரசாங்கச் சுரங்க நிறுவனத்தின் இயக்குநர் வான் இத்தர்சன். கடல் அலையின் ஆட்டம் ஆழம் போகப் போகச் சட்டென்று அடங்கிவிடும். மேலே 100 மீட்டர் நீள அலைகள் அடித்தாலும், 30 மீட்டர் ஆழத்தில் அந்த ஆட்டத்தில் ஆறில் ஒரு பங்குகூட இருக்காது.

1923 செப்டம்பரில் டச்சுக் கடற்படையின் K II என்ற நீர்மூழ்கி ஹாலந்திலிருந்து ஜாவாவுக்குப் புறப்பட்டது. இன்றைய இந்தோனேசியா அப்போது டச்சுக் காலனி. அதன் காவலுக்கு அனுப்பப்பட்ட கப்பல் அது. உள்ளே ஒரு மூலையில் மெய்னெஸின் கருவி. சூயெஸ் கால்வாய் வழியாக, இந்தியப் பெருங்கடலைக் கடந்து போனார்கள்.

ஒவ்வோர் அளவுக்கும் ஒரு சடங்கு இருந்தது. நீர்மூழ்கி கீழே இறங்க வேண்டும். ஒரே ஆழத்தில், ஒரே திசையில், ஒரே வேகத்தில் போக வேண்டும். மாலுமிகள் தேவையில்லாமல் நடமாடக் கூடாது. ஒருவர் முன்னிருந்து பின்னுக்கு நடந்தால்கூட கப்பல் சாயும். அந்த நேரத்தில் ஊசல்களின் ஆட்டம் ஒளிக்கற்றையால் புகைப்படத் தாளில் பதிவாகும். நேரத்தைச் சரிபார்க்க வானொலியில் வரும் நேரக்குறிப்பு வேண்டும். அதற்காக மறுபடி மேலே வர வேண்டும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. நிலநடுக்கோட்டில் நீங்கள் கிழக்கே நகர்ந்தால் உங்கள் எடை கொஞ்சம் குறையும். பூமி சுழலும் திசையிலேயே நீங்களும் போவதால் வருவது அது. 1 நாட் வேகம் கூடினால் 7.5 மில்லிகல் தப்பும். மில்லிகல் என்பது ஈர்ப்புவிசையில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்கு. எனவே கடல் நீரோட்டம் கப்பலை எவ்வளவு தள்ளுகிறது என்பதுகூட கணக்கில் வந்தாக வேண்டும்.

பித்தளையில் மின்னிய அந்தக் கருவிக்கு தங்கக் கன்று என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. பைபிளில் மக்கள் வணங்கிய பொற்கன்று நினைவுக்கு வரலாம். கப்பலே அதைச் சுற்றித்தானே நடந்தது!

கடற்படை இதையெல்லாம் அறிவியல் ஆர்வத்தால் மட்டும் செய்யவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தொலைதூரக் காலனிவரை எங்கள் நீர்மூழ்கிகள் போகும் என்று உலகுக்குக் காட்ட அவர்களுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. 1926ல் K XIII பனாமா வழியாக, பசிபிக்கைக் கடந்து சுராபாயா போனது. 1934 நவம்பரில் கிளம்பிய K XVIII தென்னமெரிக்கா, கேப்டவுன், ஆஸ்திரேலியா என்று சுற்றி அடுத்த ஜூலையில் சுராபாயாவைத் தொட்டது. அந்தப் பயணத்தைப் படமாகவும் எடுத்துத் திரையிட்டார்கள். இரண்டிலும் மெய்னெஸ் இருந்தார், குனிந்தபடியே.

சுமத்ராவுக்கு மேற்கே காணாமல் போன எடை

1927லும் 1929, 1930லும் K XIII கிழக்கிந்தியத் தீவுகளைச் சுற்றிச் சுற்றி அளந்தது. வரைபடத்தில் எண்களைக் குறிக்கக் குறிக்க, ஒரு பட்டை தெரிந்தது.

நியாஸ், மெந்தாவாய் தீவுகள் பக்கம் தொடங்கி, ஜாவாவின் தெற்கே ஓடி, தீமோரைத் தாண்டி, செராம் தீவை நோக்கி வளைகிறது அந்தப் பட்டை. அகலம் 100, 200 கிலோமீட்டர்தான். நீளமோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். அதன்மேல் ஈர்ப்பு 100 மில்லிகலுக்கும் மேல் குறைந்திருந்தது. ஆழமான கடல் அகழி பக்கத்தில் இருக்கிறதே, பாறைக்குப் பதில் தண்ணீர் இருந்தால் ஈர்ப்பு குறையத்தானே செய்யும்? ஆமாம். அதை எல்லாம் கணக்கில் கழித்த பிறகும் மிஞ்சிய குறை இது.

இது ஏன் பெரிய விஷயம் என்று பார்ப்போம். பூமியின் மேலோடு, அடியில் உள்ள பாறையின் மேல் மிதக்கிறது. சாங்கி கடற்கரையில் தக்கைத் துண்டைத் தண்ணீருக்குள் அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். மேலே வந்துவிடும். எடை குறைந்த இடமும் அப்படி மேலே எழும்ப வேண்டும். ஆனால் அந்தப் பட்டை எழும்பவில்லை. அப்படியானால், ஏதோ ஒன்று அதை இன்னும் கீழே பிடித்துக்கொண்டிருக்கிறது. கை இன்னும் எடுக்கப்படவில்லை!

அந்தக் கை எது? மெய்னெஸ் சொன்ன பதில் இதுதான். பூமியின் மேலோட்டுக்குக் கீழே, மேன்டில் என்ற அடுக்கில், சூடான பாறை மிக மெதுவாகச் சுழன்று ஓடுகிறது. இரண்டு பக்கமிருந்தும் மேலோடு நெருக்கப்பட்டு, கம்பளத்தைத் தள்ளினால் மடிவதுபோல, கீழ்நோக்கி மடிகிறது.

பாதி சரி. பாதி தவறு. கீழே இழுக்கப்படுகிறது என்பது சரி. ஆனால் மேலோடு மடியவில்லை. ஒரு தட்டு மற்றொன்றுக்கு அடியில் முழுசாக வழுக்கி, மேன்டிலுக்குள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இறங்குகிறது. அந்த விளக்கம் 1960களில்தான் உருவானது. அதற்கு வழி திறந்தவர்களில் ஒருவர் அமெரிக்கர் ஹாரி ஹெஸ். 1930களின் தொடக்கத்தில், S-48 என்ற அமெரிக்க நீர்மூழ்கியில் மெய்னெஸோடு கரீபியக் கடலில் ஈர்ப்புவிசை அளந்த இளைஞர் அவர். கடல்தளம் விரிகிறது என்ற அவரது புகழ்பெற்ற கட்டுரை 1962ல் வெளியானது.

பாறை ஓடுமா?

மெய்னெஸின் கருத்துக்கு ஒரு பெரிய ஆட்சேபம் இருந்தது. பாறை என்றால் கெட்டியானது. அது எப்படி ஓடும்? கேம்பிரிட்ஜில் இருந்த ஹெரால்ட் ஜெஃப்ரிஸ், அந்தக் காலத்தின் பெரிய புவி இயற்பியல் ஆள், இதை ஏற்கவே இல்லை.

பதில் சொல்ல மெய்னெஸ் ஜாவாவிலிருந்து வெகுதூரம் போக வேண்டியிருந்தது. ஸ்வீடன், ஃபின்லாந்து பக்கம். பனியுக காலத்தில் அந்த நிலப்பரப்பை கிலோமீட்டர் கணக்கில் தடித்த பனி அழுத்தியிருந்தது. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பு அது உருகிப்போனது. சோபாவிலிருந்து எழுந்த பிறகு மெத்தை மெதுவாக உப்புவதுபோல, அந்த நிலம் அன்று தொடங்கி இன்றுவரை எழும்பிக்கொண்டிருக்கிறது. ஸ்வீடனுக்கும் ஃபின்லாந்துக்கும் நடுவே உள்ள போத்னியா வளைகுடாவில் இன்றும் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர். ஸ்வீடனின் கிழக்குக் கரையில், பழைய கடற்கரைக் கோடு இன்றைய கடலிலிருந்து 280 மீட்டருக்கும் மேலான உயரத்தில் கிடக்கிறது.

நிலம் எழும்ப வேண்டும் என்றால், அடியில் பாறை ஓடி வந்து இடத்தை நிரப்ப வேண்டும். எவ்வளவு வேகமாக எழும்புகிறது என்று தெரிந்தால், அந்தப் பாறை எவ்வளவு கெட்டியான பாகு என்று கணக்கிடலாம். இதற்குத்தான் பாகுத்தன்மை என்று பெயர். தண்ணீரின் பாகுத்தன்மை மிகக் குறைவு, ஊற்றினால் ஓடிவிடும். குலா மலாக்கா பாகு அதைவிடக் கூடுதல், கரண்டியிலிருந்து இழுத்துக்கொண்டு விழும்.

அமெரிக்கர் நார்மன் ஹாஸ்கல் 1935ல் இந்தக் கணக்கைப் போட்டார். மெய்னெஸ் 1937ல் தன் வழியில் போட்டார். இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவில் பதில் வந்தது. இன்றைய அலகில் சொன்னால் 1 எழுதி 21 சுழியம் போட வேண்டும். தண்ணீரோடு ஒப்பிட்டால் இன்னும் 3 சுழியம் கூடும்.

இவ்வளவு கெட்டியான பொருளை நாம் பாறை என்றுதான் சொல்வோம். சுத்தியலால் அடித்தால் உடையும். ஆனால் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பொறுமையாக அழுத்தினால் ஓடும். ஸ்வீடனுக்கு அடியில் ஓடினால் ஜாவாவுக்கு அடியில் மட்டும் ஏன் ஓடக்கூடாது? 3 சுழியத்தை விடுங்கள், இந்த ஒரு படிதான் மெய்னெஸ் வாழ்க்கையின் இரண்டு பாதிகளையும் இணைக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

அதே 1937ல் அவருக்கு ஓர் அடியும் விழுந்தது. பிரவுன் என்ற கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் ஒரு தவறைச் சுட்டிக்காட்டினார். ஆழத்தில் மிஞ்சியிருக்கும் சின்ன அலையாட்டம்கூட ஊசலில் ஒரு பிழையைச் சேர்க்கிறது, 2 ஊசல் தந்திரத்தால் அது முழுதாகக் கழியாது என்றார். யோசித்துப் பாருங்கள். 14 ஆண்டு உழைப்பு. மாதக்கணக்கில் குனிந்து குனிந்து எடுத்த எண்கள். ஒவ்வொன்றிலும் கேள்விக்குறி.

மெய்னெஸ் சண்டைக்குப் போகவில்லை. பிரவுன் சொன்னது சரி என்று ஏற்றுக்கொண்டு, திருத்தும் முறையை வகுத்தார். 1941ல் அதைத் தனி நூலாகவே வெளியிட்டார். திருத்திய பிறகும் அந்தப் பட்டை அங்கேயே இருந்தது. 6 கிராம் அசையவில்லை.

போர், பிறகு பூமி

அப்போது ஹாலந்து ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்தது. மெய்னெஸ் எதிர்ப்பு இயக்கத்தில் பங்கெடுத்தார்.

அவருடைய கப்பல்களின் கதி வேறு. K XIII 1941 டிசம்பரில் சிங்கப்பூரில் இருந்தது. இங்கே அதன் பேட்டரி வெடித்தது. சுராபாயாவுக்குக் கொண்டுபோனார்கள். 1942 மார்ச்சில் ஜப்பானியர் ஜாவாவை நெருங்கியபோது, எதிரி கையில் சிக்கக்கூடாது என்று K XIII, K XVIII இரண்டையும் டச்சுக்காரர்களே அழித்து மூழ்கடித்தார்கள். சிங்கப்பூர் விழுந்து அப்போது 2 வாரம்தான் ஆகியிருந்தது.

போருக்குப் பின் மெய்னெஸ் 1945 முதல் 1951 வரை ஹாலந்தின் வானிலை ஆய்வு நிலையத்தின் தலைமை இயக்குநர். கூடவே பேராசிரியர் பணி. கடல் பயணங்களின் முடிவுகளைத் தொகுத்த நூல் வரிசையின் 4ஆம் பாகம் 1948ல் வந்தது. 1962ல் அவருக்கு வெட்லசன் பரிசு கிடைத்தது. புவி அறிவியலுக்கு மிகப் பெரிய பரிசுகளில் ஒன்று. அந்த ஆண்டு அதை இன்னொருவருடன் பகிர்ந்துகொண்டார். யார் தெரியுமா? பாறை ஓடாது என்று சொன்ன அதே ஜெஃப்ரிஸ்! பரிசுக்குழுவுக்கு நல்ல நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.

1966 ஆகஸ்ட் 10ஆம் தேதி ஆமெர்ஸ்ஃபோர்ட் நகரில் மெய்னெஸ் காலமானார். வயது 79. நிலவில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

கடல் சமதளம் இல்லை

அவர் இறந்து 12 ஆண்டு கழித்து, 1978ல் சீசாட் என்ற துணைக்கோள் கடல் மட்டத்தின் உயரத்தை விண்ணிலிருந்து அளந்தது. அலை, ஓதம் எல்லாம் கழித்த பிறகும் கடல் சமமாக இல்லை. ஈர்ப்பு கூடிய இடத்தில் தண்ணீர் குவிகிறது. குறைந்த இடத்தில் தாழ்கிறது. ஆழமான அகழிகளுக்கு மேல் கடல் மட்டமே பல மீட்டர் இறங்கியிருந்தது. மெய்னெஸ் ஊசலால் தொட்டுப் பார்த்ததை துணைக்கோள் கண்ணால் பார்த்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் இன்னும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு புதிர். அந்தக் குறுகிய தாழ்வைச் சுற்றி, நம் வட்டாரம் முதல் நியூகினி வரை, கடல் மட்டம் ஒட்டுமொத்தமாக மேடாக இருக்கிறது. தட்டு கீழே இறங்கும் இடம் மேடாக எப்படி?

இங்கேதான் பாகுத்தன்மை மறுபடி வருகிறது. துணி காயப்போடும் கொடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஈரமான கனத்த போர்வையைப் போட்டால் கொடி தொய்யும். போர்வையின் நுனி தரையைத் தொட்டுவிட்டால்? எடையில் ஒரு பங்கைத் தரை தாங்கும். கொடி கொஞ்சம் நிமிரும். கடலடியில் இறங்கும் தட்டுதான் போர்வை. பூமியின் மேற்பரப்புதான் கொடி. தட்டு குளிர்ந்தது, கனமானது. அதன் எடை தண்ணீரைத் தன் பக்கம் இழுத்து மேடாக்கும். அதே எடை மேற்பரப்பைக் கீழே தொய்யவைத்துப் பள்ளமாக்கும். இரண்டும் எதிரெதிர். மேன்டில் முழுக்க ஒரே பாகுவாக இருந்தால் தொய்வு ஜெயித்துப் பள்ளம்தான் தெரிய வேண்டும். மேடு தெரிவதால், அடியில் ஏதோ தரை இருக்கிறது.

1984ல் பிராட்ஃபோர்ட் ஹேகர் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்தக் கணக்கைப் போட்டார். சுமார் 670 கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே உள்ள மேன்டில், மேலே இருப்பதைவிட 30 மடங்கோ அதற்கு மேலோ கெட்டியான பாகு என்றால்தான் மேடு வரும். கடல் மட்டத்தின் வடிவத்தை வைத்தே, யாரும் போக முடியாத ஆழத்தின் கெட்டித்தன்மையைச் சொல்லிவிட்டார். மெய்னெஸுக்கு இது பிடித்திருக்கும் என்று தோன்றுகிறது. அவர் காலத்தில் மேன்டிலுக்கு ஒரே ஓர் எண்தான் இருந்தது.

மேட்டுக்கு எதிர்ப்பக்கமும் நமக்கு அருகிலேயே இருக்கிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் கடல் மட்டம் 106 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. உலகத்தின் மிக ஆழமான ஈர்ப்புப் பள்ளம் அது. கப்பலில் போனால் தெரியாது, சரிவு அவ்வளவு மெதுவானது. அங்கே ஈர்ப்பு குறைவு என்று முதலில் காட்டியவராக மெய்னெஸையே குறிப்பிடுவது வழக்கம். நியூகினி மேட்டுக்கும் இந்தப் பள்ளத்துக்கும் நடுவே, சரிவில் உட்கார்ந்திருக்கிறோம் நாம், மலேசியாவும் சிங்கப்பூரும்.

பள்ளம் ஏன் அங்கே? பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தின் தேபாஞ்சன் பாலும் அத்ரேயி கோஷும் 2023ல் ஒரு விளக்கம் தந்தார்கள். கடந்த 140 மில்லியன் ஆண்டுகளின் மேன்டில் ஓட்டத்தைக் கணினியில் 19 விதமாக ஓட்டிப் பார்த்தார்கள். இந்தியா வடக்கே நகர்ந்தபோது மறைந்துபோன தெத்திஸ் கடலின் தளம் மேன்டிலுக்குள் மூழ்கியது. அது ஆப்பிரிக்காவுக்கு அடியில் இருந்த சூடான பாறையைக் கிளறிவிட்டது. அந்தச் சூடான, எடை குறைந்த பாறை மேலேறி வந்து பரவியதால் பள்ளம் உருவானது என்பது அவர்கள் முடிவு. எல்லாரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். விவாதம் நடக்கிறது.

கடைசியாக ஒன்று. 2004 டிசம்பர் 26 உங்களில் பலருக்கு அப்பா அம்மா சொல்லிக் கேட்ட கதையாக இருக்கும். மெய்னெஸ் கண்ட பட்டையின் வடக்கு முனையில், அந்தக் கை பிடித்து வைத்திருந்தது சட்டென்று விடுபட்டது. அதன் அளவு 9.1. அன்று லங்காவி சில நிமிடங்களில் சுமார் 17 சென்டிமீட்டர் மேற்குப் பக்கமாக நகர்ந்தது. ஃபூக்கெட் 27 சென்டிமீட்டர். கிரேஸ் என்ற 2 துணைக்கோள்கள், ஒன்றின் பின் ஒன்றாகப் பறந்து, தங்களுக்கு இடையிலான தூரம் மாறுவதை அளந்து, அந்த நிலநடுக்கத்தால் ஈர்ப்பே மாறியதைப் பதிவுசெய்தன. மறுபடி 2, மறுபடி கழித்தல்.

நிலநடுக்கம் நின்ற பிறகும் ஃபூக்கெட் நிற்கவில்லை. பல ஆண்டுகள் அதே பக்கமாக மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தது. அடியில் பாறை ஓடிச் சமன்செய்யும் வேகம் அது. அந்த நகர்வை வைத்து ஆய்வாளர்கள் அந்தமான் கடலுக்கு அடியிலுள்ள மேல் மேன்டிலின் பாகுத்தன்மையைக் கணக்கிட்டார்கள். மெய்னெஸுக்கு ஸ்வீடனில் கிடைத்தது 21 சுழியம். நம் பக்கத்தில் கிடைப்பது 18, 19.